பாட்டி சாவும் ஐயாயிரம் எழுத்தும்

அமெரிக்காவில், மருத்துவரின் பொறுப்பின் கீழ் நோயாளிகளைப் பார்க்கும் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும். அங்குள்ள பெரும்பாலான கல்லூரிகளுக்குப் பொதுவான 'காஸ்பா' விண்ணப்பச் சேவை அதற்கு 5,000 எழுத்துகள் இடம் தருகிறது. சொற்களுக்கு நடுவில் விடும் இடைவெளியும் அந்தக் கணக்கில் சேரும். கேள்வி சின்னதுதான்: ஏன் இந்தத் தொழில்? பதிலுக்கு எந்த அனுபவத்தை எடுப்பது என்று யாரிடம் கேட்டாலும் ஒரே யோசனை வருகிறது. மனசை உலுக்கிய சம்பவத்தை எடு. பாட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த இரவு, அண்ணன் பைக்கிலிருந்து விழுந்த நாள், அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த மாலை. இப்படி ஒன்றும் நடக்காதவர்கள் தங்கள் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்ள வேண்டியதுதான்.

இந்த யோசனையைச் சொல்கிறவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் வாதத்தை நியாயமாகவே கேட்கலாம். தேர்வுக் குழுவில் இருப்பவர் கட்டுரை படித்துப் படித்துக் களைத்தவர். அவரை நிமிர்ந்து உட்கார வைக்க ஒரு அடி வேண்டும். மதிப்பெண்ணும் பணிபுரிந்த மணிக்கணக்கும் படிவத்தின் மற்ற பக்கங்களிலேயே இருக்கின்றன. கட்டுரை என்று தனியாகக் கேட்பது ஆளைப் பார்க்கத்தான். ஆள் தெரிவது நெருக்கடியில். தன் வீட்டில் நோயையும் சாவையும் பார்த்தவருக்கு அடுத்தவர் வேதனை புரியும். கேட்பதற்குப் பழுதில்லாத வாதம்.

வேலூர், ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரத்தில் இந்த வாதத்துக்கு இன்னொரு முட்டும் உண்டு. 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கட்டரின் கதை இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். திண்டிவனத்தில் மிஷன் மருத்துவரான தந்தையின் வீட்டில் ஓர் இரவு மூன்று பேர் அடுத்தடுத்துக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், இன்னொருவர் மற்றொரு மேல்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்தார்கள். ஆண் மருத்துவரை உள்ளே விட மூவருமே சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். இதைப் பார்த்த ஐடா மருத்துவம் படிக்கக் கிளம்பினார். அந்த இரவிலிருந்துதான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, அதாவது சி.எம்.சி., பிறந்தது என்பார்கள். உலகத்தின் மிக வெற்றிகரமான 'ஏன் இந்தத் தொழில்' கட்டுரையே இதுதான் என்று காட்டிவிட்டால் அப்புறம் யார் எதிர்த்துப் பேசுவார்?

இதே வட்டாரத்திலுள்ள அரக்கோணத்திலிருந்து இந்தக் கட்டுரையை எழுத உட்காருபவர் யார் என்பதையும் பார்த்துவிட வேண்டும். (இந்தத் தொழிலைப் பி.ஏ. என்று சுருக்கலாம்தான். ஆனால் அரக்கோணத்தில் பி.ஏ. என்றால் கலைப் பட்டம், இல்லாவிட்டால் எம்.எல்.ஏ.வின் உதவியாளர். அதனால் இங்கே முழுப் பெயரையே சொல்வது நல்லது.) இந்தியாவில் இந்தப் படிப்பு 1992-இல் சென்னையில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், இதய அறுவை மருத்துவர் கே.எம். செரியனின் முயற்சியால் தொடங்கியது. இப்போது எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. படிப்பாக இருக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண் இருந்தால் சேரலாம். கட்டுரை எதுவும் கேட்கமாட்டார்கள். படித்து முடித்து, மின்சார ரயிலில் சென்னைக்குப் போய்வந்து நாலைந்து வருடம் வேலை பார்த்த பிறகு அமெரிக்க ஆசை வந்தால், இந்தப் பட்டம் அங்கே செல்லாது. அங்கே அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவர்தான் உரிமத் தேர்வு எழுத முடியும். ஆகவே மறுபடியும் முதலிலிருந்து விண்ணப்பம், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை. அதுவரை எழுதிய கட்டுரையெல்லாம் கோனார் உரையைப் பார்த்து மனப்பாடம் செய்தது. முதலில் காதில் விழும் யோசனையை இவர் பிடித்துக்கொள்வதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஆனால் அந்த யோசனை தவறு. சுவை கெட்டது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கேட்ட கேள்விக்கே அது பதில் சொல்வதில்லை.

1. செத்தது யார், செய்தது யார்? பாட்டி இறந்த கட்டுரையை எடுத்து அதிலுள்ள வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடு போட்டுப் பார்த்தால் சங்கதி வெளுத்துவிடும். ஓட்டுநர் ஆம்புலன்ஸை விரட்டினார். செவிலியர் ஊசி போட்டார். மருத்துவர் நெஞ்சை அழுத்தினார், பிறகு தலையை அசைத்தார். விண்ணப்பதாரர்? அழுதார், உறைந்து நின்றார், உணர்ந்தார், அன்றே முடிவெடுத்தார். அறையில் இருந்தவர்களிலேயே வேலை எதுவும் பார்க்காத ஆள் அவர்தான். அப்படி ஒரு அரைமணி நேரத்தைத் தேடி எடுத்து, 'என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று நீட்டுவது என்ன கணக்கு?

சம்பவமும் அனுபவமும் ஒன்றில்லை என்பது தமிழில் யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம். கிணற்றில் விழுந்து பிழைத்தவரை அனுபவசாலி என்று யாரும் சொல்வதில்லை. ஆம்பூர் டேனரியில் தோலைத் தடவிப் பார்த்தே தரம் பிரிக்கிறவரைச் சொல்வார்கள். அந்த மேஜைக்கு அவர் வந்தது ஆயிரக்கணக்கான தோல்களைக் கையால் புரட்டியதால். கட்டுரை கேட்பது அனுபவத்தை. எல்லோரும் அனுப்புவது சம்பவத்தை.

2. பிசிஷியன் அசிஸ்டென்ட் என்ற சொல்லை எடுத்துவிட்டு அங்கே செவிலியர் என்று போட்டால் என்ன ஆகும்? பாட்டி கட்டுரைக்கு ஒரு கீறலும் விழாது. மருந்தாளுநர் என்று போட்டாலும் நிற்கும். இதயநோய் ஆராய்ச்சியாளர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், ஏன், பாதிரியார் என்று போட்டாலும்கூட நிற்கும். எந்தத் தொழிலுக்கும் பொருந்துகிற காரணம் எந்தத் தொழிலையும் தேர்ந்ததற்குக் காரணம் ஆகாது. 'மருத்துவராகவே போயிருக்கலாமே' என்று ஒருவர் கேட்டால் அந்தக் கட்டுரை வாயைத் திறக்காது.

இந்தத் தொழில் பிறந்த விதத்தைப் பார்த்தாலே கட்டுரையில் என்ன இருக்க வேண்டும் என்பது விளங்கும். 1965-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜீன் ஸ்டெட் என்ற மருத்துவர் முதல் வகுப்பைத் தொடங்கியபோது சேர்த்தது நான்கே பேரை. நால்வரும் கடற்படையில் மருத்துவ உதவியாளராக இருந்தவர்கள். காயம் கட்டியிருக்கிறார்கள், ஊசி போட்டிருக்கிறார்கள், மருத்துவர் பக்கத்தில் இல்லாதபோது எதைச் செய்யலாம் எதில் கை வைக்கக் கூடாது என்று தெரிந்து நடந்திருக்கிறார்கள். ஸ்டெட் தேடியது அந்தக் கையை. 1967 அக்டோபர் 6 அன்று அவர்களில் மூவர் படிப்பை முடித்தார்கள். ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படை விமானத் தளம் இருக்கும் அரக்கோணத்துக்கு, மாலுமிகளிடமிருந்து தொடங்கிய ஒரு மருத்துவத் தொழில் அந்நியமாகப் படக் கூடாது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியனும் இந்த ஊரை ஒட்டித்தான் இருக்கிறது. வெள்ளத்தில் கயிறு கட்டி ஆளை இழுத்து, முதலுதவி செய்து, மருத்துவரிடம் ஒப்படைக்கும்வரை பார்த்துக்கொண்ட ஒருவரின் ஒரு நாள் வேலை, அமெரிக்கக் கல்லூரி கேட்பதற்குப் பத்துப் பாட்டிகளைவிட நெருக்கமானது.

மருத்துவரின் பொறுப்பின் கீழ், அவர் இல்லாத நேரத்திலும் அவர் நம்பும்படி வேலை செய்வது; தன் எல்லை எங்கே முடிகிறது என்று தெரிந்துகொண்டு அந்த இடத்தில் நின்று அழைப்பது. இந்தத் தொழிலின் உயிர் இதில் இருக்கிறது. கட்டுரையில் மருத்துவர் ஒருவர் வந்தாக வேண்டும், அவரோடு விண்ணப்பதாரர் வேலை பார்த்த விதம் தெரிந்தாக வேண்டும். பாட்டி கதையில் வரும் மருத்துவர் தலையை அசைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

3. மூன்று முறை கதவு தட்டப்பட்ட கதையை உண்மையில் யாராவது கவனித்துக் கேட்டிருக்கிறார்களா? அதிலிருந்து மூன்று சாவையும் கண்ணீரையும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். அந்த வீட்டில் மருத்துவர் இருந்தார். மருந்து இருந்தது. அவர் புறப்படத் தயாராகவும் இருந்தார். இல்லாதது ஒன்றே ஒன்று: பெண் மருத்துவர். வெவ்வேறு மதங்களையும் சாதிகளையும் சேர்ந்த மூன்று வீடுகளில் ஒரே காரணத்தால் சாவு நடந்தது, அந்தக் காரணத்தை நீக்க ஒரே வகை ஆள்தான் தேவைப்பட்டார். கதையின் வலு அங்கே இருக்கிறது. துக்கத்தைக் கழித்துவிட்டாலும் தர்க்கம் மிஞ்சும். 'பெண் மருத்துவர்' என்பதை எடுத்துவிட்டு வேறு எந்தத் தொழிலைப் போட்டாலும் கதை அந்த இடத்திலேயே விழுந்துவிடும். இரண்டாவது மறுப்பில் சொன்ன சோதனையில் இது தேறுகிறது. இதைப் பார்த்து எழுதும் கட்டுரைகள் தேறுவதில்லை.

இன்னொன்று. அந்த இரவை வைத்து ஐடா ஸ்கட்டரை யாரும் மருத்துவர் ஆக்கிவிடவில்லை. அவர் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் படித்து 1899-இல் பட்டம் வாங்கினார். 1900-இல் வேலூரில் தந்தையின் வீட்டில் ஒரு சின்ன அறையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கி, இரண்டு ஆண்டுகளில் ஐயாயிரம் பேரைப் பார்த்தார். 1902-இல் 40 படுக்கைகளோடு மருத்துவமனை, 1909-இல் செவிலியர் பள்ளி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. திண்டிவனத்து இரவை இன்றுவரை நினைவில் வைத்திருப்பவை இந்த வருடங்கள்தாம். இவை இல்லாவிட்டால் அந்த மூன்று தட்டல்களும் மூன்று வீடுகளோடு மறந்துபோயிருக்கும். இளம் வயதில் விண்ணப்பம் எழுதுகிறவர் முதல் இரவை மட்டும் காட்டி, அப்புறம் வர வேண்டிய ஐயாயிரம் நோயாளிகளைக் கடனாகச் சொல்லிக் கேட்கிறார்.

4. துன்பம் பட்டவருக்குத்தான் துன்பம் புரியுமா? எதிர்த்தரப்பின் பலமான சீட்டு இது. இதற்கும் வேலூரே சாட்சி சொல்லும். சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனார். அதன் பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறையைத் தலைமை தாங்கி நடத்தினார். பாகாயத்தில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ.

விபத்து அவருக்கு நோயாளியின் நிலையைக் காட்டியிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் கை அறுவையை உட்கார்ந்துகொண்டு செய்ய முடியும் என்பது ஒரு தொழில்நுட்பச் செய்தி. அறுவை மருத்துவர் பால் பிராண்ட் வேலூரில் வளர்த்தெடுத்த அந்த அறுவை முறையில் தேர்ச்சி பெற்றது உழைப்பு. மறுவாழ்வு மருத்துவம் படித்தது இன்னொரு உழைப்பு. தண்டுவடம் அடிபட்டவர்கள் இந்த நாட்டில் எத்தனையோ பேர். அவர்கள் எல்லோரும் மறுவாழ்வுத் துறை தொடங்கவில்லை, தொடங்க வேண்டும் என்று யாரும் கேட்கவும் முடியாது. துன்பம் சிலரைக் கனியவைக்கிறது, சிலரைக் கசக்கவைக்கிறது, பலரைக் களைக்கவைத்துவிட்டு விலகிவிடுகிறது. துன்பம் வந்ததைச் சொன்னால் போதும், பரிவு வந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது நிரூபிக்க வேண்டியதையே ஆதாரமாக வைப்பது.

5. இந்த யோசனையை எல்லோரும் கேட்டு நடந்தால் என்ன ஆகும்? கேடு இங்கேதான் கொழுத்துக் கிடக்கிறது. துயரம் உள்ளவர் அதை விற்க வேண்டும். இல்லாதவர் இரவல் வாங்க வேண்டும். சித்தப்பாவின் பக்கவாதம் அப்பாவின் பக்கவாதம் ஆகும். ஒரே ஒரு தடவை பார்த்த பாட்டி வளர்த்த பாட்டி ஆவாள். சொந்தத் துயரத்தைத் தொட விரும்பாத பிள்ளை, தாயைப் பறிகொடுத்து இரண்டு வருடம்கூட ஆகாத பிள்ளை, அதைச் சுருக்கி, முதல் வரியில் அடி விழும்படி செதுக்கி, எழுத்து எண்ணிக்கைக்குள் அடக்கி அனுப்பவேண்டியிருக்கிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அந்தச் சாவும் போதவில்லை என்று அர்த்தமா?

அடுத்தது ஊரையே விற்பது. இந்த வட்டாரத்துப் பிள்ளை என்றால் 'உங்கள் ஆறு செத்துப்போனதை எழுது' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பொய் ஒன்றுமில்லை. தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனதை, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் வந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே பதிவு செய்திருக்கிறது. இராணிப்பேட்டை சிப்காட்டில், மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மலையாகக் குவிந்திருந்தது. 2015 ஜனவரி 31 அன்று அதே சிப்காட்டில் வேறொரு கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தப் பத்துப் பேரின் சாவை, அன்று வேறொரு ஊரில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஒருவர் தன் கட்டுரையின் முதல் பத்தியாக வைக்க எந்த உரிமையும் இல்லை. அதே ஆள் ஒரு தொழிற்சாலை மருத்துவ முகாமில் உட்கார்ந்து, குரோமேட் வேலை பார்த்தவர்களின் கையில் ஆறாத குழிப்புண்ணைப் பார்த்து, இந்த வேலையில் மூக்கின் நடுச்சுவரிலும் ஓட்டை விழும் என்று படித்தது ஞாபகம் வந்து, டார்ச் அடித்து மூக்கைப் பார்த்து, மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால், அது அவருடைய கதை. தாராளமாக எழுதலாம்.

நோயாளியின் பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி உண்டு, அதை யாரும் கேட்பதில்லை. வார்டில் பார்த்த சாவை உருக்கமாக எழுதும்போது அந்தக் குடும்பத்தின் மிக மோசமான நாள் இன்னொருவருக்கு ஏணி ஆகிறது. பெயரை மாற்றிவிட்டால் போதும் என்கிறார்கள். சின்ன ஊரில் பெயரை மாற்றி என்ன பயன்? தொழில், வயது, நோய், வருடம் நான்கும் இருந்தால் தெருவையே சொல்லிவிடுவார்கள்.

6. அதிர்ச்சிதான் ஞாபகத்தில் நிற்கும் என்று யார் சொன்னது? எல்லாக் கட்டுரையும் சைரன் சத்தத்தோடு தொடங்கினால் சைரன் யார் காதிலும் விழாது. அப்படியே ஒன்று விழுந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், கட்டுரைக்கு அடுத்தது நேர்காணல். அங்கே கேட்பது ஒரே கேள்வி: அப்புறம் நீங்கள் என்ன செய்தீர்கள்? பாட்டி கட்டுரைக்காரர் அங்கே மறுபடி அழத்தான் முடியும்.

ஆளைப் பார்ப்பது எப்படி என்று இந்த வட்டாரத்துக்கு வெளியூரார் சொல்லித்தர வேண்டியதில்லை. நீட் வருவதற்கு முன் சி.எம்.சி., எழுத்துத் தேர்வில் தேறியவர்களை வேலூருக்கே வரவழைத்து, சில நாட்கள் வைத்திருந்து, சேர்ந்து செய்யும் வேலைகளைக் கொடுத்துக் கவனித்து, நேர்காணல் செய்துதான் சேர்த்தது. அந்த முறையை விட மனமில்லாமல் 2017-இல் நூறு எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒரே ஒருவரை மட்டும் சேர்த்துக்கொண்டு மற்ற இடங்களைக் காலியாகவே விட்டது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று முடித்துவைத்தது. அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். ஒரு கல்லூரி தொண்ணூற்றொன்பது இடங்களைக் காலியாக விடத் துணிந்தது, பிள்ளைகள் சொல்லும் கதையைக் கேட்கும் வாய்ப்புக்காக இல்லை. அவர்கள் சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்கும் வாய்ப்புக்காக.

சரி, எதை எழுதுவது? அரக்கோணத்துப் பெண் ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்ளலாம். சென்னையில் இதய அறுவைப் பிரிவில் நாலு வருடம் பிசிஷியன் அசிஸ்டென்ட். பைபாஸுக்குக் காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்துக்கொடுப்பது அவள் வேலை. அவளுக்கும் ஒரு பாட்டி உண்டு, மாரடைப்பில் போனவள். ஆனால் அவள் ஞாபகத்தில் ஆம்பூர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். டேனரியில் வேலை, சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் கெட்ட வால்வை மாற்றி உலோக வால்வு வைத்தவர். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை. ஒவ்வொரு பரிசோதனையிலும், ரத்தம் உறைவதை அளக்கும் ஐ.என்.ஆர். எண் குறைந்தே வருகிறது. மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதியாகிவிட்டது. அவள் மட்டும் அவர் மனைவியை உட்காரவைத்து, வாரம் முழுக்க என்ன சமைத்தீர்கள் என்று நாள் நாளாகக் கேட்கிறாள். ஆபரேஷன் ஆன உடம்புக்கு ரத்தம் ஊற வேண்டும் என்று யாரோ சொன்னதால் தினமும் ஒரு கட்டுக் கீரை. கீரையிலிருக்கும் வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் கெடுக்கும். மாத்திரை அளவில் அவள் கை வைக்கவில்லை. அது அவள் அதிகாரத்தில் இல்லை. மருத்துவரிடம் போய்ச் சொல்கிறாள். கீரையை நிறுத்தச் சொன்னால் நிற்காது, அளவை ஒரே சீராக வைத்துக்கொண்டு மாத்திரையை அதற்கேற்பச் சரிசெய்யலாமா என்று கேட்கிறாள். அவர் அளவை மாற்றுகிறார். அடுத்த முறை எண் சரியாக வருகிறது. அதற்கு முந்தைய மாதம் இன்னொரு நோயாளியிடம் இதே கேள்வியைக் கேட்காமல் விட்டதும் அவளுக்கு நினைவிருக்கிறது, அதையும் எழுதலாம்.

இதில் யாரும் சாகவில்லை, சைரன் இல்லை. நோயாளி, மருத்துவர், எல்லை, தவறு, திருத்தம் எல்லாம் இருக்கின்றன. முக்கியமான வினைகளுக்கெல்லாம் அவளே எழுவாய். செவிலியர் என்று மாற்றிப் போட்டால் கட்டுரை இடறும், மருத்துவர் என்று போட்டால் விழுந்துவிடும்.

பாட்டி வரவே கூடாது என்று சட்டம் இல்லை. இரண்டு வருடம் பாட்டியை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய், குடிக்கும் தண்ணீரை டம்ளர் கணக்கில் அளந்து கொடுத்து, எடை ஏறிய நாளில் மருத்துவரைக் கூப்பிட்ட பேரப்பிள்ளைக்கு அந்தப் பாட்டி முழு உரிமை. அவள் கட்டுரையில் உயிரோடு இருப்பாள், தண்ணீர் கேட்டுச் சண்டையும் போடுவாள்.

கீரைக் கதையை நிதானமாகச் சொன்னாலும் நாலாயிரம் எழுத்தில் முடிந்துவிடும். மிச்சம் ஆயிரம் எழுத்து இருக்கிறது. சென்னையில் நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே வேலையைக் கற்க அமெரிக்காவில் முதல் வகுப்பிலிருந்து மறுபடி உட்கார வேண்டிய அவசியம் என்ன என்று நேர்காணலில் கட்டாயம் கேட்பார்கள். அதற்கான பதிலை அந்தப் பெண் அந்த ஆயிரம் எழுத்தில் எழுத ஆரம்பிக்கலாம்.